தூண்டில் பக்கம்: முட்டையிட்ட பிறகு பாஸ் ஏன் வாய் திறப்பதில்லை?

மே, ஜூன் மாதங்களில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் புலம்பல் பெரும்பாலும் ஒன்றுதான்: "போன மாதம் கடித்த மீன் இந்த மாதம் எங்கே போனது?" லார்ஜ்மவுத் பாஸ் என்ற பெரிய வாய் நன்னீர் மீன் முட்டையிட்டு முடித்த அடுத்த சில வாரங்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

கேள்வி: மார்ச் கடைசியில் லேக் ஃபோர்க்கில் கரையோரம் மூன்றடித் தண்ணீரில் பாஸ் நன்றாகக் கடித்தது. மே முதல் வாரம் அதே இடத்தில் அதே லூரை (செயற்கை இரையை)ப் போட்டோம், ஒன்றும் இல்லை. முட்டையிட்ட பிறகு மீன் சாப்பிடுவதையே நிறுத்திவிடுமா?
*(வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்சஸ்)*

நிறுத்துவதில்லை. ஆனால் மே மாதத்தில் ஒரே ஏரியில் மூன்று வகை மீன் இருக்கும். மூன்றையும் ஒரே மாதிரி பிடிக்கப் போவதால்தான் கை வெறுமையாகத் திரும்புகிறது.

முதல் வகை, முட்டையிட்டுக் களைத்த பெண் மீன். தண்ணீரின் சூடு 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் ஆண் மீன் ஒன்று முதல் நான்கு அடி ஆழத்தில், கெட்டியான தரையில், வாலால் பெருக்கி இரண்டு மூன்று அடி அகலத்துக்குப் படுக்கை அமைக்கும். பெண் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காவல் இருப்பது ஆண்தான். வெளியேறிய பெண் வெகுதூரம் போவதில்லை. கிளைக்கழியிலிருந்து, அதாவது கரைக்குள் நீளும் ஏரியின் கையிலிருந்து, வெளியே வந்து, முதல் பள்ளம் தொடங்கும் இடத்தில், மூழ்கிய மரங்களுக்கு நடுவிலோ படகுத்துறைகளின் ஆழமான முனையிலோ, தரையையும் தொடாமல் மேலேயும் வராமல் நடுத்தண்ணீரில் அசையாமல் நிற்கும். சில நாட்களிலிருந்து இரண்டு வாரம் வரை இந்த நிலை. அப்போது எதையும் துரத்தாது. மூக்குக்கு முன்னால் மெதுவாக இறங்குவதை மட்டும் கவ்வும்.

இரண்டாம் வகை, குஞ்சு காக்கும் ஆண். அதைப் பற்றி ஸ்கார்பரோ வாசகருக்கான பதிலில் பாருங்கள். மூன்றாம் வகை, முதல் சுற்றிலேயே முட்டையிட்டு முடித்து, தெம்பும் திரும்பி, பசியோடு அலைவது. பாஸ் எல்லாம் ஒரே வாரத்தில் முட்டையிடுவதில்லை, அலை அலையாக வரும். அதனால் மே முதல் வாரத்தில் இந்த மூன்றாம் வகை கட்டாயம் இருக்கும். எளிதாக அகப்படுவதும் அதுதான்.

ஆகவே லூரை மாற்றுவதற்கு முன் இடத்தை மாற்றுங்கள். மார்ச்சில் மீன் பிடித்த அதே கழியிலிருந்து ஏரியின் உள்பக்கம் நோக்கி வாருங்கள். கழிக்குள்ளேயே துருத்தி நிற்கும் முதல் மேடு, அதன் ஓரத்தில் எட்டு முதல் பதினைந்து அடிக்குச் சரியும் பள்ளம், அந்தப் பள்ளத்தை ஒட்டிய மரக்கூட்டம், இந்த வரிசையில் தேடுங்கள். ஃபோர்க் ஏரியில் மூழ்கிய மரத்துக்குப் பஞ்சமே இல்லை. பள்ளத்துக்கு அருகில் தனித்து நிற்கும் பெரிய மரங்களை விட்டுவிடாதீர்கள்.

முதலில் அகப்படும் மீனைக் கையில் எடுத்ததும் இரண்டு இடங்களைப் பாருங்கள். வாலின் கீழ்முனை தேய்ந்து ரத்தச் சிவப்பாக இருந்தால் அது இப்போதுதான் படுக்கையை விட்டு வந்த மீன், நீங்கள் இன்னும் கரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள் என்று பொருள். தலை பெரிதாகவும் வயிறு தொங்கிச் சுருங்கியும் இருந்தால் களைத்த பெண், வேகத்தைக் குறையுங்கள். வால் ஆறி, வயிறு மறுபடி உருண்டிருந்தால் சாப்பிடத் தொடங்கிவிட்டது, வேகமான லூரைத் தயங்காமல் எடுக்கலாம்.

கேள்வி: களைத்த மீனுக்கு வாக்கி ரிக்தான் மருந்து என்கிறார்கள். ஐந்து அங்குல பிளாஸ்டிக் புழுவை நடுவில் குத்திப் போட்டேன். பலன் இல்லை. எங்கே தப்பு?
*(வாசகர், ஆஸ்டின், டெக்சஸ்)*

பத்தில் ஒன்பது முறை தப்பு புழுவில் இருக்காது, லைனில் இருக்கும். எடை போடாத புழு நேராக இறங்கும்போது இரண்டு முனையும் துடிக்கும். அந்தத் துடிப்புக்காகத்தான் இந்த ரிக்கே. எறிந்த உடனே லைனை இழுத்துப் பிடித்தீர்களானால் புழு நேராக இறங்காது, உங்களை நோக்கி வளைந்து ஊசலாடி வரும். துடிப்பும் போச்சு, மரத்தின் பக்கத்திலிருந்து ஐந்தாறு அடி விலகியும் போச்சு.

அமைப்பை முதலில் சரிசெய்யுங்கள். ஏழடி மீடியம் ஸ்பின்னிங் ராட், 15 பவுண்ட் பிரெய்ட் (பின்னிய லைன்), நுனியில் எட்டடி நீளத்துக்கு 10 பவுண்ட் ஃபுளோரோகார்பன் லீடர். மரங்களுக்கு நடுவில் என்றால் லீடர் 14 பவுண்ட் வரை போகலாம். புழுவின் நடுவில் ஓ-ரிங் ஒன்றை ஏற்றி, அதற்கு அடியில் 1/0 அல்லது 2/0 முள்ளைச் செருகுங்கள். ரிங் இல்லாமல் உடம்பிலேயே குத்தினால் இரண்டு எறிதலுக்கு ஒரு புழு அறுந்து விழும். தெளிந்த தண்ணீருக்குக் கிரீன் பம்ப்கின், கலங்கலுக்குக் கறுப்பு-நீலம். நிறத்தைப் பற்றி இதற்கு மேல் கவலைப்பட வேண்டாம்.

மரத்தையோ டாக் எனும் படகுத்துறையின் தூணையோ தாண்டி எறியுங்கள். புழு தண்ணீரைத் தொட்டதும் ராடின் நுனியைத் தாழ்த்தி மூன்று நான்கு அடி லைனைத் தளர்த்திக் கொடுங்கள். பிறகு எண்ணுங்கள். முதல் எறிதலில் தரையைத் தொட எத்தனை எண்ண வேண்டியிருந்தது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு என்று வையுங்கள். அடுத்த எறிதலில் ஏழிலேயே லைன் நின்றுவிட்டால் புழு தரையில் இல்லை, மீனின் வாயில் இருக்கிறது. இந்தப் பருவத்தில் "டொக்" என்ற தட்டலை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். லைன் சீக்கிரம் நிற்கும், அல்லது பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான் அடையாளம்.

நின்றால் காத்திருக்காதீர்கள். தளர்ந்த லைனைச் சுற்றி எடுத்து, ராடைப் பக்கவாட்டில் சீராக இழுங்கள். மெல்லிய முள்ளுக்கு அது போதும். ஓங்கி இழுத்தால் முள் விரியும், இல்லை லீடர் அறும். "நன்றாக விழுங்கட்டும்" என்று ஐந்து விநாடி விட்டால் முள் தொண்டைக்குப் போய்விடும். அப்படிப் போய்விட்டால் நோண்டிக்கொண்டிருக்காமல் முள்ளுக்கு அருகில் லைனை வெட்டி மீனை விட்டுவிடுவது நல்லது.

தரையைத் தொட்ட பிறகும் பத்து விநாடி சும்மா கிடக்கட்டும். பிறகு ராடை இரண்டடி உயர்த்தி, மறுபடி தளர்த்தி இறக்குங்கள். ஒரு மரத்துக்கு நான்கைந்து எறிதல், ஒவ்வொன்றும் வேறு பக்கத்திலிருந்து. பிறகு அடுத்த மரம். மெதுவாகப் பிடிப்பது என்றால் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்காருவது என்று அர்த்தமில்லை.

பன்னிரண்டு அடிக்கு மேல் ஆழமென்றால், அல்லது காற்று அடித்தால், வாக்கி ரிக் எடுபடாது. அங்கே கரோலினா ரிக். மெயின் லைனில் அரை முதல் முக்கால் அவுன்ஸ் எடை, அதற்குக் கீழே ஒரு பாசிமணி, ஸ்விவல் என்ற சுழல் இணைப்பு, பிறகு இரண்டு மூன்றடி லீடர், 3/0 முள், ஆறு அங்குல பிளாஸ்டிக் பல்லி. முள்முனையைப் பல்லியின் உடம்புக்குள் மறைத்துக் குத்துங்கள், குப்பையில் மாட்டாது. எடை தரையில் உரசி வரும், பல்லி பின்னால் மிதந்தபடி வரும். ரீலால் இழுக்காதீர்கள், ராடைப் பக்கவாட்டில் நகர்த்தி இழுங்கள். ரீலால் இழுத்தால் எவ்வளவு வேகமாக இழுக்கிறோம் என்பது நமக்கே தெரியாது. ஓரடி இழுத்தால் ஐந்து விநாடி நிறுத்தம். கல்லும் கூழாங்கல்லும் உரசும் இடத்தில் நிறுத்தத்தை நீட்டுங்கள், சேற்றில் வேகமாகக் கடந்துவிடுங்கள்.

கேள்வி: சீசன் திறந்த முதல் சனிக்கிழமையே நாங்கள் ஸ்குகோக் ஏரிக்குப் போறனாங்கள். டொக்குகளுக்குக் கிட்ட கறுப்பு முகில் மாதிரிச் சின்னக் குஞ்சுகள். அதுக்குக் கீழ பெரிய மீன் ஒன்று நிக்குது. புழுவைப் போட்டால் விலகிப் போகுது, வாயால தொடுறதே இல்லை. என்ன செய்யலாம்?
*(வாசகர், ஸ்கார்பரோ, ஒன்டாரியோ)*

அது தகப்பன் மீன். குஞ்சுகளைக் காத்து நிற்கிறது. ஊரில் விரால் தன் செங்குஞ்சுக் கூட்டத்துக்கு அடியில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், இதுவும் அதே வேலைதான். முட்டை சில நாட்களில் பொரியும். குஞ்சுகள் படுக்கையிலேயே கிடந்து, ஒரு வாரம் போல் கழித்து நீந்த எழும். அதன் பிறகும் இரண்டு வாரம், சில சமயம் அதற்கும் மேலே ஆண் அவற்றை விட்டு அகலாது. அப்போது அதற்குத் தேவை உணவு இல்லை. குஞ்சு தின்ன வரும் புளூகில், பெர்ச் மீன்களை விரட்டுவதுதான் வேலை. சும்மா விழும் புழு அதற்கு எதிரி இல்லை, அதனால்தான் கண்டுகொள்ளவில்லை.

எதிரியைப் போலத் தெரியும் ஒன்றைக் காட்டுங்கள். புளூகில் நிறத்தில் இரண்டரை அங்குலப் பாப்பர் (தண்ணீரின் மேல் மிதக்கும் லூர்) சரியான தேர்வு. பின்முள்ளில் இறகு கட்டியதாக இருக்கட்டும். குஞ்சுக் கூட்டத்தின் மேலேயே எறிந்தால் குஞ்சுகள் சிதறும், தகப்பனும் மிரளும். பத்தடி தாண்டி எறிந்து, ஓரமாகக் கொண்டுவந்து, கூட்டத்தின் விளிம்பில் நிறுத்துங்கள். ஒரு சின்னத் தட்டு, பிறகு ஐந்து விநாடி சும்மா. மீன் விழுங்க வருவதில்லை, தள்ளிவிட வருகிறது. அதனால் பல கடிகள் முள்ளில் ஏறாது. தண்ணீர் சிதறியதைக் கண்டு இழுக்காமல், ராடில் கனம் தெரிந்த பிறகு இழுங்கள்.

பிடித்தால் அதே இடத்தில், உடனே விடுங்கள். படம் எடுக்கப் படகின் மறுமுனைக்குக் கொண்டு போகும் நேரத்தில் புளூகில் கூட்டம் குஞ்சுகளை மேய்ந்துவிடும். எங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டால், குஞ்சோடு நிற்கும் மீனை ஒரு தரம் பார்த்துவிட்டு அடுத்த டொக்குக்குப் போவதே சரி.

உங்கள் ஏரிக்குத் தனியாக ஒரு விஷயம் உண்டு. ஸ்குகோக் ஆழமில்லாத, பாசி நிறைந்த ஏரி. டெக்சஸ் வாசகருக்குச் சொன்ன பதினைந்தடிப் பள்ளத்தை அங்கே தேடி அலைய வேண்டாம். களைத்த பெண் மீன்கள் பாசிப் பாத்தியின் வெளி விளிம்பில், பக்கத்துத் தரையைவிட இரண்டடி ஆழம் கூடிய இடத்தில்கூட நிற்கும். எடையில்லாத, நெத்திலி உருவ மென்பிளாஸ்டிக் ஃபுளூக்கை 4/0 முள்ளில் மறைத்துக் குத்தி, பாசியின் மேலே இரண்டு தட்டு, பிறகு இறக்கம் என்று விடுங்கள்.

ஒன்டாரியோவின் தெற்கு மண்டலங்களில் பாஸ் சீசன் ஜூன் பிற்பகுதிச் சனிக்கிழமைகளில்தான் திறக்கிறது, எந்தச் சனிக்கிழமை என்பது மண்டலத்துக்கு மண்டலம் மாறும். அதற்கு முன், விட்டுவிடத்தான் பிடிக்கிறேன் என்றாலும், பாஸைக் குறிவைத்துத் தூண்டில் போடுவது அனுமதிக்காத மண்டலத்தில் குற்றம். அதனால் உங்கள் முதல் நாளே பெரும்பாலும் முட்டையிட்டதற்குப் பிந்திய நாள்தான். அந்த வாரம் கடி குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

கேள்வி: லேக் லேனியரில் விடியற்காலையில் மட்டும் கரையோரம் தண்ணீர் கொதிப்பது போல மீன் துள்ளுகிறது. எட்டு மணிக்குப் பிறகு எல்லாம் அடங்கிவிடுகிறது. இதைப் பயன்படுத்திக்கொள்ள முடியுமா?
*(வாசகர், ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா)*

பாஸ் முட்டையிட்டு முடிக்கும் சமயத்தில் இரைமீன்கள் முட்டையிடத் தொடங்குகின்றன. இந்தப் பருவத்தின் பெரிய வாய்ப்பு இதுதான். உங்கள் ஏரியில் அது பெரும்பாலும் புளூபேக் ஹெரிங், கூழாங்கல் மேடுகளிலும் செம்மண் முனைகளிலும் ஒதுங்கும். வேறு பல ஏரிகளில் ஷாட் மீன். அது கல் அடுக்கிய கரை, சுவர், மிதக்கும் டாக்கின் ஓரம் போன்ற கெட்டியான பரப்புகளில் முட்டையை ஒட்டவைக்கும்.

லேனியரில் நீங்கள் பிடிப்பதில் பாதிக்கு மேல் ஸ்பாட்டட் பாஸாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். லார்ஜ்மவுத் வேண்டுமென்றால் ஏரியின் மேல்பகுதிக் கழிகளுக்குப் போங்கள். முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

வெளுக்கத் தொடங்கும்போதே முதல் எறிதல் போயிருக்க வேண்டும். சூரியன் உதித்து ஒரு மணி நேரம், மேகமூட்டம் இருந்தால் இன்னும் கொஞ்சம். 3/8 அவுன்ஸ் வெள்ளை ஸ்விம் ஜிக் அல்லது வில்லோ பிளேடு ஸ்பின்னர்பெய்ட். கரைக்குச் செங்குத்தாக எறியாமல் கரையை ஒட்டி, கல்லிலிருந்து ஓரடி தள்ளி, இணையாக எறியுங்கள். செங்குத்தாக எறிந்தால் லூர் இரண்டு விநாடிதான் மீனிருக்கும் இடத்தில் ஓடும். உங்கள் லூருக்குப் பின்னால் சின்ன ஷாட் மீன்கள் கூட்டமாகத் துரத்தி வந்தால் சரியான கரையில் இருக்கிறீர்கள். கடி இல்லாவிட்டாலும் அந்த இடத்தை விடாதீர்கள்.

வெயில் கல்லைத் தொட்டதும் இரைமீன் உள்ளே இறங்கும், பாஸும் கூடவே இறங்கும். கரையில் நின்று புலம்பாமல் திரும்பி, அதே கரைக்கு நேர் எதிரே முதல் சரிவில் ஃபுளூக்கை விடுங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு அதே கல்லுக்குத் திரும்புங்கள்.

கேள்வி: லைவ்ஸ்கோப் (தண்ணீருக்குள் மீன் நகர்வதை உடனுக்குடன் திரையில் காட்டும் சோனார்) வாங்கியிருக்கிறேன். லேக் கான்ரோவில் மரங்களுக்கு நடுவில் மீன் நிற்பது தெளிவாகத் தெரிகிறது. லூரைத் துரத்தி வந்து, கடைசியில் திரும்பிப் போய்விடுகிறது.
*(வாசகர், ஹூஸ்டன், டெக்சஸ்)*

திரும்பிப் போகும் அந்த நொடியில் உங்கள் லூர் எங்கே இருக்கிறது என்று திரையைப் பாருங்கள். அநேகமாக மீனுக்குக் கீழே இறங்கியிருக்கும். நடுத்தண்ணீரில் நிற்கும் பாஸ் மேலே பார்த்துத்தான் சாப்பிடும். தன் மட்டத்துக்குக் கீழே போனதை விட்டுவிடும்.

1/8 அவுன்ஸ் ஜிக்ஹெட் (தலையில் எடை கோத்த முள்), நான்கு அங்குல மென்பிளாஸ்டிக் மீன், 8 பவுண்ட் லைன். மீனுக்குப் பத்தடி அப்பால் எறிந்து, அதன் மட்டத்துக்கு இரண்டடி மேலேயே கொண்டுவாருங்கள். ராட் நுனியை நிறுத்தாமல் சின்னதாக நடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மீன் கிளம்பிப் பின்தொடர்ந்தால் லூரை நிறுத்தாதீர்கள், இறக்கவும் கூடாது. அரையடி மேலே ஏற்றுங்கள். தப்பி ஓடுகிறது என்று நினைத்தால்தான் கவ்வும்.

இன்னொன்று, படகு. இருபதடிக்குள் வந்துவிட்டு, டிரோலிங் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே திரையைப் பார்ப்பவர்கள் உண்டு. நாற்பது ஐம்பதடி தள்ளி நில்லுங்கள், மோட்டாரைக் குறைந்த வேகத்தில் வையுங்கள். ஒரே மீனுக்கு இரண்டு எறிதல். அது அசையவில்லை என்றால் லூரை மாற்றி மாற்றிக் கெஞ்ச வேண்டாம். அடுத்த மரத்தில் வேறு மீன் நிற்கும்.

கேள்வி: படகு இல்லை. எடிசன் பக்கத்துப் பூங்காக் குளங்களில் கரையிலிருந்துதான் பிடிக்கிறேன். மே கடைசியில் என்ன செய்வது?
*(வாசகர், நியூ ஜெர்சி)*

குளத்தில் மீன் போவதற்கு அதிக இடமில்லை என்பது உங்களுக்குச் சாதகம். மதகு, அணைக்கரையின் கல்வரிசை, அல்லிக் கொடியின் வெளிவிளிம்பு, தண்ணீருக்குள் சாய்ந்த மரம், இவற்றிலேயே தேடுங்கள். தண்ணீர் 70 டிகிரியைத் தாண்டியதும் புளூகில் முட்டையிட வரும். தேனடை போலப் பக்கம் பக்கமாக வட்டக் குழிகள் தெரியும் இடம் அதுதான். அந்தக் குழிகளின் ஆழமான ஓரத்தில் பாஸ் காத்து நிற்கும். காலை, மாலையில் பாப்பர், வெயிலில் வாக்கி ரிக். கரையில் நின்று நேரே எறியாமல் நடந்துகொண்டே கரையோரமாக எறியுங்கள், முதல் எறிதலை உங்கள் காலடியிலிருந்து பத்தடிக்குள்ளேயே போடுங்கள். கரை ஓரத்து மீனை மிதித்துக் கலைத்துவிட்டுத் தூரத்தில் தேடுவது குளத்தில் நடக்கும் வழக்கமான தவறு.

நியூ ஜெர்சியில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 15 வரை பிடித்த பாஸை உடனே விட்டுவிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: பெரிய மீன் முட்டையிடுவதற்கு முன்புதான் கிடைக்கும், பிறகு போவது வீண் என்கிறார் என் நண்பர். உண்மையா?
*(வாசகர், டாலஸ், டெக்சஸ்)*

எடையைப் பொறுத்தவரை நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு. சினை நிறைந்த பெண்ணின் எடை கூடுதல். டெக்சஸ் மாநிலச் சாதனையான 18.18 பவுண்ட் மீன் லேக் ஃபோர்க்கில் 1992 ஜனவரியில் பிடிபட்டது. ஆனால் உலகச் சாதனையைப் பாருங்கள்: ஜார்ஜ் பெர்ரி 22 பவுண்ட் 4 அவுன்ஸ் மீனை ஜார்ஜியாவில் பிடித்தது 1932 ஜூன் 2. மனாபு குரிட்டா அதைச் சமன் செய்தது ஜப்பானின் பிவா ஏரியில், 2009 ஜூலை 2. நண்பர் ஏப்ரலோடு தூண்டிலைப் பரணில் போட்டால் ஏரியில் உங்களுக்கு இடம் தாராளம்.

கேள்வி: பிடித்த பாஸைக் குழம்பு வைக்கலாமா?
*(வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்சஸ்)*

வைக்கலாம், சின்னதை மட்டும். பாஸ் மற்ற மீன்களைத் தின்று வளர்வது, வயதாக ஆக உடம்பில் பாதரசம் சேரும். அதனால் பெரியதைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுங்கள். அந்தந்த ஏரிக்கு மாநிலச் சுகாதாரத் துறையின் எச்சரிக்கை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் பொதுவாக 14 அங்குலத்துக்குக் குறைந்ததை எடுக்கக் கூடாது, ஒரு நாளைக்கு ஐந்து. லேக் ஃபோர்க்கில் விதி வேறு: 16 அங்குலம் வரை உள்ளதை எடுக்கலாம், 16க்கும் 24க்கும் இடைப்பட்டதைக் கட்டாயம் விட வேண்டும், 24 அல்லது அதற்கு மேல் ஒன்றே ஒன்று. பதினைந்து அங்குல மீன் குழம்புக்குத் தோதானது. தோலோடு போட்டால் பாசி வாடை அடிக்கும், தோலை உரித்துவிட்டு, மஞ்சளும் உப்பும் தடவிக் கால் மணி நேரம் வைத்துக் கழுவிப் போடுங்கள். புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.